நன்னீர் ஜெல்லி மீன்: மருந்து வேண்டாம், விழிப்பு வேண்டும்

கோடை மழை பெய்த மறுவாரம். காலை 6 மணிக்கு, தெரிந்த விவசாயி ஒருவரிடமிருந்து தொலைபேசி அழைப்பு.

"சார், வாட்ஸ்ஆப்ல ஒரு வீடியோ அனுப்பினேனே, பாத்தீங்களா? குளத்துல சொறிமுட்டை மாதிரி ஒண்ணு நீந்துது. விஷமாம். மீனெல்லாம் செத்துடுமாம். எங்க பண்ணைக் குட்டையிலயும் நேத்துல இருந்து கொழகொழன்னு ஏதோ மிதக்குது. பிளீச்சிங் பவுடர் வீட்டுல இருக்கு. போட்டுடட்டுமா?"

அவர் குட்டையில் கட்லா, ரோகு விரலிகள் விட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கறவை மாடுகள் இரண்டும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. "அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் பொறுங்க. எதையும் போட்டுடாதீங்க. நான் வந்து பார்க்கிறேன்" என்றேன்.

போய்ப் பார்த்தால், மிதந்தது தவளை முட்டை. மழை பெய்ததும் தவளைகள் இட்டுவிட்டுப் போனவை. கண்ணாடி போன்ற கொழகொழப்புக்குள் கறுப்புப் புள்ளிகள். சில நாள்களில் தலைப்பிரட்டைகளாகி நீந்தப் போகின்றன. ஒரு நாள் பொறுத்ததால் அவருடைய மீன்கள் பிழைத்தன.

ஆனால், அந்த வீடியோவில் இருந்தது பொய் அல்ல. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கல்குவாரியின் தெளிந்த நீரில், ஒரு ரூபாய் நாணயம் அளவில், சின்னச் சின்னக் குடைகள் விரிந்து சுருங்கி நீந்திக்கொண்டிருந்தன. அது நன்னீர் ஜெல்லி மீன். அறிவியல் பெயர் கிராஸ்பெடகஸ்டா சோவர்பீ. சீனாவின் ஓர் ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட இந்த உயிரினம், அன்டார்டிகா தவிர்த்த எல்லாக் கண்டங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நம் அண்டை மாநிலமான கேரளத்திலும் பதிவாகியிருக்கிறது.

நான் உழவியல் படித்தவன். மீன் என் துறை அல்ல. ஆனாலும் இதை எழுதக் காரணம் உண்டு. இன்று ஊருக்கு ஊர் பண்ணைக் குட்டை வெட்டுகிறோம், மீன் விடுகிறோம், அசோலா வளர்க்கிறோம். ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்கு எதையாவது கொண்டுபோய்க்கொண்டே இருக்கிறோம். இந்தச் சின்னக் குடை உலகைச் சுற்றிவந்த பாதையும் அதுதான்.

எப்படி இருக்கும்?

பெயரில்தான் மீன் இருக்கிறது. இதற்கு எலும்பு இல்லை, செதில் இல்லை, மூளை இல்லை. உடலில் பெரும்பகுதி தண்ணீர். நன்கு வளர்ந்தது 2 முதல் 2.5 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். நுங்குச் சுளையைப் போல ஒளி ஊடுருவும் உடல். குடையின் விளிம்பைச் சுற்றி நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகள். மேலிருந்து பார்த்தால் குடைக்குள் சிலுவை போல நான்கு வெண்மையான கோடுகள் தெரியும்.

இது நீந்தும் விதத்தைப் பார்த்தாலே அடையாளம் கண்டுவிடலாம். குடையைச் சுருக்கிச் சுருக்கி மேலே ஏறும். பிறகு இழைகளை விரித்துக்கொண்டு மெதுவாகக் கீழே இறங்கும். இறங்கும் வழியில் இழைகளில் தட்டுப்படும் மிதவை உயிரிகளைப் பிடித்துத் தின்னும். தவளை முட்டை இப்படி அசையாது. நத்தை முட்டையும் அசையாது. விரிந்து சுருங்கி, தானாக நீந்தினால் மட்டுமே ஜெல்லி மீன் என்று சந்தேகப்படுங்கள்.

பெரும்பாலும் கோடையின் பிற்பகுதியில், தண்ணீர் 25 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாகும்போது கூட்டமாகத் தோன்றும். சில வாரங்கள் இருக்கும். பிறகு ஒன்றுகூட இல்லாமல் மறைந்துவிடும். அடுத்த ஆண்டு வரலாம். பல ஆண்டுகள் வராமலும் இருக்கலாம். எப்போது வரும் என்று யாராலும் சரியாகச் சொல்ல முடிவதில்லை.

லண்டன் தொட்டியில் தொடங்கிய கதை

இந்த உயிரினத்தை உலகம் முதலில் அறிந்தது 1880 ஜூன் மாதத்தில். லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் அரச தாவரவியல் கழகத்தின் தோட்டம் இருந்தது. அங்கே கண்ணாடிக் கூரையின் கீழ், வெதுவெதுப்பான நீர் நிரப்பிய ஒரு தொட்டியில் ராட்சத அல்லியை வளர்த்தார்கள். விக்டோரியா அல்லி என்று அதற்குப் பெயர். அமேசான் பகுதியைச் சேர்ந்தது. தட்டு போன்ற அதன் இலைமேல் சிறு குழந்தையை உட்கார வைத்துப் படம் எடுப்பார்களே, அதே அல்லிதான்.

அந்தத் தொட்டியில் சின்ன ஜெல்லி மீன்கள் நீந்துவதைக் கழகத்தின் செயலர் வில்லியம் சோவர்பி கவனித்தார். கடலில் இருக்க வேண்டிய உயிரினம் நன்னீர்த் தொட்டியில் எப்படி வந்தது என்று விஞ்ஞானிகள் வியந்தார்கள். ரே லங்கெஸ்டர் என்ற விலங்கியலாளர் அதற்கு, கண்டெடுத்தவரின் பெயரைச் சேர்த்து, கிராஸ்பெடகஸ்டா சோவர்பீ என்று பெயர் சூட்டினார்.

அல்லி அமேசானிலிருந்து வந்தது. ஆகவே ஜெல்லியும் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று அன்று கருதினார்கள். அது தவறு. பிற்பாடு சீனாவின் யாங்சி ஆற்றுப் படுகையில் இது இயற்கையாக வாழ்வது தெரியவந்தது. அங்கிருந்து நீர்த்தாவரங்களோடு தோட்டம் தோட்டமாகப் பயணம் செய்திருக்க வேண்டும் என்பதே இன்றைய கருத்து. லண்டனுக்குப் பிறகு பிரான்ஸின் லியோன், ஜெர்மனியின் மியூனிக் நகரத் தாவரவியல் தோட்டத் தொட்டிகளிலும் இது தலைகாட்டியது. அழகுக்காக அல்லி வளர்த்த இடத்திலெல்லாம் அழைக்காத விருந்தாளியாக வந்து சேர்ந்தது.

கண்ணுக்குத் தெரியாத பாதி

லண்டன் தொட்டியில் ஒரு புதிர் மிச்சமிருந்தது. குளிர்காலத்தில் ஜெல்லிகள் அடியோடு மறைந்துவிடும். கோடையில் மறுபடி தோன்றும். இடைப்பட்ட காலத்தில் எங்கே இருக்கின்றன?

விடையின் முதல் நுனியை 1884இல் கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்ன் என்ற இளம் விலங்கியலாளர். அதே தொட்டியில் இருந்த நீர்த்தாவரத்தின் வேர்களை நுண்ணோக்கியில் பார்த்தார். அவற்றில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத, குட்டையான காம்பு போன்ற உயிர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அதுதான் ஜெல்லி மீனின் மறுபாதி. பாலிப் என்பார்கள். இவருக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஓரிரு ஆண்டுகளில் இதே போர்ன் சென்னை மாநிலக் கல்லூரிக்கு உயிரியல் பேராசிரியராக வந்தார். பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் இருந்தார்.

மறு ஆண்டு, 1885இல், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எட்வர்ட் பாட்ஸ் என்பவர் ஓடைக் கற்களில் அதே போன்ற சின்ன உயிரைக் கண்டார். ஜெல்லி மீனோடு தொடர்புடையது என்று தெரியாமல் அதற்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். 1916இல் கென்டக்கி மாநிலத்தின் ஓர் ஓடையில் ஜெல்லி மீன்கள் திடீரெனப் பெருங்கூட்டமாகத் தோன்றிய செய்தி அறிவியல் இதழில் வந்தது. எல்லோருக்கும் அது திடீர் வருகை. ஆனால், அந்த நாட்டின் கற்களில் பாலிப் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பாட்ஸ் பார்த்து அதற்குள் 30 ஆண்டுகள் கடந்திருந்தன.

விவசாயிகளுக்கு இதை விளக்க எனக்குக் கோரையைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. வயலில் நாம் பார்ப்பது கோரையின் தழை. அதை வெட்டினால் மறுபடி வருகிறது. ஏனென்றால் கோரை உயிர் வாழ்வது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கில். நன்னீர் ஜெல்லியும் அப்படித்தான். கோடையில் நீந்தும் குடை வெறும் தழை. கல்லிலும் வேரிலும் நீரில் மூழ்கிய மட்டையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பாலிப்தான் கிழங்கு.

அந்தப் பாலிப் செய்யும் வேலைகளைப் பாருங்கள். தன் உடலிலிருந்து மொட்டு விட்டுப் பக்கத்திலேயே இன்னொரு பாலிப்பை உண்டாக்கும். புழு போன்ற சிறு துண்டை உதிர்க்கும். அது ஊர்ந்து போய் வேறிடத்தில் ஒட்டி, புதிய பாலிப்பாகும். தண்ணீர் சூடாகும்போது குட்டி ஜெல்லிகளை மொட்டாக விட்டுப் பிரித்தனுப்பும். குளிரோ வறட்சியோ வந்தால் சுருங்கி, கெட்டியான உறை போர்த்துக்கொண்டு, விதையைப் போல உறங்கும். நிலைமை சீரானதும் மறுபடி பாலிப்பாக எழும்.

இந்த உறக்க உருண்டைதான் இதன் பயணச்சீட்டு. நீர்த்தாவரத்தின் வேரிலோ, மீன் கொண்டுவரும் தண்ணீரிலோ, ஈர வலையிலோ ஒட்டிக்கொண்டு போகலாம். நீர்ப்பறவைகளின் காலில் ஒட்டியும் போகக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பாலிப்பின் மேல் வண்டலும் தூசும் படிந்திருப்பதால், கையில் எடுத்துப் பார்த்தாலும் நமக்குத் தெரியாது.

ஒரு கன்றிலிருந்து ஒரு தோப்பு

இன்னொரு செய்தியும் உங்களுக்கு வியப்பாக இருக்கும். இந்த ஜெல்லிகளில் ஆண், பெண் தனித்தனி. ஆனால், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஏரிகளில் பிடித்துப் பார்த்தபோது, ஓர் ஏரியில் எல்லாமே ஆண். மற்றோர் ஏரியில் எல்லாமே பெண். ஏன் அப்படி?

வாழைத் தோப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாய் மரத்தின் பக்கக்கன்றுகளை நட்டே ஒரு தோப்பை உருவாக்கிவிடலாம். விதை தேவையில்லை. அது போலத்தான் இந்த ஏரிகளிலும் நடந்திருக்கிறது. எப்போதோ வந்து சேர்ந்த ஓரிரு பாலிப்கள், தம்மைத் தாமே பிரித்துப் பிரித்து ஏரி முழுக்கப் பெருகியிருக்கின்றன. ஒரு நீர்நிலையைப் பிடிப்பதற்கு ஆணும் பெண்ணும் சேர்ந்து வர வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரே ஓர் உருண்டை போதும்.

அமெரிக்காவில் இன்று 40க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இது பதிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென் அமெரிக்கா எங்கும் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, இது அதிகம் காணப்படும் இடங்கள்: அணைகள், கைவிடப்பட்ட கல்குவாரிகள், செயற்கைக் குட்டைகள், தோட்டத் தொட்டிகள். அதாவது, மனிதன் வெட்டி, மனிதன் நிரப்பி, மனிதன் மீன் விட்ட நீர்நிலைகள்.

இந்தப் பெயரில் உலகெங்கும் பதிவானவை எல்லாம் ஒரே இனம்தானா என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று நெருங்கிய, ஆனால் வேறுபட்ட சில மரபுக் கிளைகள் இருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. அப்படியென்றால் இது ஒரே ஒரு முறை நடந்த பயணம் அல்ல. பல முறை, பல வழிகளில் நடந்திருக்கிறது.

மீனுக்கும் மாட்டுக்கும் ஆபத்தா?

இப்போது உங்கள் மனத்தில் இருக்கும் கேள்விக்கு வருவோம்.

மனிதருக்கு ஆபத்து இல்லை. எல்லா ஜெல்லிகளையும் போல இதற்கும் கொட்டும் செல்கள் உண்டு. ஆனால், அவை நம் தோலைத் துளைக்கும் அளவுக்கு வலிமையானவை அல்ல. கடல் சொறி பட்டால் வருகிற எரிச்சல் இதனால் வருவதில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்ததால் கால்நடைகள் நஞ்சேறி இறந்தன என்பதற்கும் சான்று இல்லை. பாசனத்துக்கு எந்தத் தடையும் இல்லை.

மீனைப் பொறுத்தவரை கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். இது தின்பது டாஃப்னியா போன்ற மிதவை உயிரிகளை. நீங்கள் விடுகிற நுண்குஞ்சுகளுக்கும் அதுதான் சாப்பாடு. ஆக, ஒரே தட்டில் இரண்டு பேர் கை வைக்கிறார்கள். மிகச் சிறிய மீன் குஞ்சுகளை இந்த ஜெல்லி கொட்டிப் பிடிக்க முடியும் என்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆனால், இது வந்ததால் ஒரு குளத்தின் மீன் விளைச்சலே சரிந்துவிட்டது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. விரல் நீளத்துக்கு வளர்ந்த விரலிகளை இதனால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே, இது தென்பட்டால் நாற்றங்கால் குளம் வைத்து நுண்குஞ்சு வளர்ப்பவர்கள்தான் கூடுதலாகக் கண்காணிக்க வேண்டும். விரலி விட்டு வளர்ப்பவர்கள் பதற வேண்டியதில்லை.

"ஜெல்லி வந்தால் தண்ணீர் சுத்தம் என்று பொருள்" என்ற பேச்சும் உலவுகிறது. அதையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். தெளிந்த நீரில் எளிதாகக் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். தண்ணீரின் தரத்தை அறியப் பரிசோதனை ஒன்றே வழி.

மருந்து ஏன் கூடாது?

தவளை முட்டையைப் பார்த்துப் பயந்த விவசாயி பிளீச்சிங் பவுடரைப் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? முதலில் மிதவை உயிரிகள் செத்திருக்கும். அடுத்து விரலிகள். மாடுகள் குடிக்கும் தண்ணீரும் கெட்டிருக்கும். பிளீச்சிங் பவுடர் என்பது மீன் விடுவதற்கு முன்பு குட்டையைத் தயார் செய்யும்போது, களை மீன்களை அழிக்க, பரிந்துரைத்த அளவில் போடுவது. மீன் இருக்கும் குட்டைக்கு அது மருந்து அல்ல. பூச்சிக்கொல்லியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சரி, உண்மையிலேயே ஜெல்லி இருந்திருந்தால்? நீந்துகிற குடைகள் செத்திருக்கும். அவை எப்படியும் சில வாரங்களில் தாமாகவே மறையப் போகிறவை. கல்லிடுக்கில் உறைபோட்டு உறங்கும் உருண்டை மிஞ்சினால் போதும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். தழையைச் சுட்டுவிட்டுக் கிழங்கை விட்ட கதைதான். வந்துவிட்ட ஜெல்லியைப் பெரிய நீர்நிலையிலிருந்து முழுதாக ஒழிக்கும் முறை எதுவும் இன்று நம் கையில் இல்லை. ஆகவே செலவும் வீண், நட்டமும் நமக்கே.

எல்லாமே வந்தேறி அல்ல

மருந்து கூடாது என்பதற்கு இன்னொரு முக்கியக் காரணமும் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே சொந்தமான ஒரு நன்னீர் ஜெல்லி மீன் இருக்கிறது. அதன் பெயர் லிம்னோக்னிடா இண்டிகா. 1911இல் மகாராஷ்டிரத்தின் சதாரா பகுதி ஆற்றில் அதைக் கண்டவர் சங்கர் புருஷோத்தம் அகர்கர். அப்போது அவர் மும்பையில் கல்லூரி ஆசிரியர். இன்று புனேயில் இருக்கும் அகர்கர் ஆராய்ச்சி நிலையம் அவர் பெயரைத் தாங்கியதுதான். அதற்கு முன்பு இந்த வகை ஜெல்லி ஆப்பிரிக்காவில் மட்டுமே இருப்பதாக உலகம் நினைத்திருந்தது.

இரண்டும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும். சீன ஜெல்லியில் இனப்பெருக்க உறுப்புகள் நான்கும், குடைக்குள் ஓடும் நான்கு குழாய்களிலிருந்து பை போலத் தொங்கும். நம் மலை ஜெல்லியில் அவை வயிற்றுப் பகுதியின் சுவரிலேயே இருக்கும். வாயும் மிக அகலமானது. இந்த வித்தியாசத்தை வெறும் கண்ணால் உறுதிசெய்வது கடினம். படித்தவர்கள் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

யோசித்துப் பாருங்கள். மலையடிவாரத்தில் ஒருவர் தன் ஓடையில் ஜெல்லியைப் பார்க்கிறார். வாட்ஸ்ஆப் செய்தியை நம்பி அதில் மருந்தைக் கொட்டுகிறார். கடைசியில் அவர் அழித்தது, பல்லாயிரம் ஆண்டுகளாக இந்த மண்ணிலேயே வாழ்ந்துவரும் ஓர் உயிரை என்றால்? அந்தத் தவறைத் திருத்த வழியே இல்லை. ஆகவே, முதலில் அடையாளம்; பிறகுதான் முடிவு.

நான் செய்த தவறு

முனைவர் பட்ட ஆய்வின்போது நெல் வயலில் அசோலா சோதனை ஒன்று வைத்திருந்தேன். வேறோர் இடத்திலிருந்து ஒரு வாளி அசோலாவைத் தண்ணீரோடு வாங்கிவந்து, நேராகத் தொட்டியில் கொட்டினேன். அலசவில்லை, தனியே வைத்துப் பார்க்கவும் இல்லை. சில வாரங்களில் தொட்டி முழுக்க நத்தை. அசோலாவைத் தின்று தீர்த்துவிட்டன. ஒரு பருவச் சோதனை வீணானது. நத்தை எங்கிருந்தும் பறந்து வரவில்லை. நான்தான் கையால் சுமந்துவந்தேன்.

ஆகாயத் தாமரையும் அப்படி வந்ததுதான். தென் அமெரிக்கச் செடி; பூவின் அழகுக்காக நாடு நாடாகக் கொண்டுபோனார்கள். இன்று நம் வாய்க்கால்களில் தண்ணீர் ஓடவே வழியில்லை. மத்திய அரசு தடை செய்த ஆப்பிரிக்கன் கெளுத்தி, அலங்கார மீன் தொட்டியிலிருந்து வெளியே விடப்பட்ட சக்கர் மீன் எல்லாம் இதே வழியில் வந்தவை. இவற்றோடு ஒப்பிட்டால் நன்னீர் ஜெல்லி செய்யும் தீங்கு மிகக் குறைவு. ஆனால், ஜெல்லி நுழையக்கூடிய வழியில் மீன் நோய்க் கிருமியும் நுழையும், களைச் செடியும் நுழையும், நத்தையும் நுழையும். ஜெல்லி நமக்குக் காட்டுவது, வேலியில் இருக்கும் ஓட்டையை. அடைக்க வேண்டியது அந்த ஓட்டையைத்தான்.

நாம் செய்ய வேண்டியவை

நியூசிலாந்தில், ஆறுகளில் பரவிய ஓர் அயல் பாசியைக் கட்டுப்படுத்த, மீன்பிடிப்பவர்களுக்கும் படகோட்டிகளுக்கும் மூன்று சொற்களில் ஒரு பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள்: பார், கழுவு, காயவை. நமக்கும் அதுவே போதும். நம் வேலைகளுக்கு ஏற்ப அதை இப்படி விரித்துக்கொள்ளலாம்.

1. மீன் குஞ்சுகளை அரசுப் பண்ணையிலோ, பதிவு பெற்ற பண்ணையிலோ வாங்குங்கள். எந்தக் குளத்தில் பிடித்தது என்று தெரியாத குஞ்சுகளை, விலை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள்.

2. குஞ்சுப் பையைக் குட்டை நீரில் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு, குட்டைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்துப் பழக்குங்கள். பிறகு குஞ்சுகளைக் கைவலையால் அள்ளிக் குட்டையில் விடுங்கள். பையில் வந்த தண்ணீரைக் குட்டையில் ஊற்றாமல், குட்டைக்கு எட்டாத மேட்டு நிலத்தில் கொட்டுங்கள்.

3. அசோலா, அல்லி, தாமரைக் கிழங்கு எதுவானாலும் நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். தனித் தொட்டியில் இரண்டு, மூன்று வாரம் வைத்துப் பார்த்த பிறகே குட்டைக்குக் கொண்டுபோங்கள். அலசிய தண்ணீரையும் மண்ணில்தான் கொட்ட வேண்டும்.

4. வலை, கூடை, மோட்டாரின் உறிஞ்சு குழாய், காற்றூட்டும் கருவி ஆகியவற்றை ஒரு குளத்திலிருந்து இன்னொரு குளத்துக்கு ஈரத்தோடு கொண்டுபோகாதீர்கள். முதலில் ஆழ்துளைக் கிணற்று நீரில் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு நல்ல வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். உறக்க உருண்டை வறட்சியைத் தாங்கக்கூடியது என்பதால் காயவைப்பது மட்டும் போதாது. தேய்த்துக் கழுவுவது முக்கியம். வாடகை வலை என்றால் இன்னும் கவனம்.

5. வீட்டு மீன் தொட்டியில் வளர்த்தது பிடிக்கவில்லை என்றால், செடியையும் மீனையும் ஏரியிலோ கிணற்றிலோ விடாதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். தொட்டித் தண்ணீரைத் தோட்டத்து மரத்துக்கு ஊற்றலாம்.

6. ஒரு பருவ மீனை அறுவடை செய்த பிறகு, முடிந்தால் குட்டையை முழுக்க வற்றவிட்டு, வண்டலை எடுத்து, வெடிப்பு விழும்வரை காயவிடுங்கள். பிறகு மண் பரிசோதனைப்படி சுண்ணாம்பு இடுங்கள். எல்லாவற்றையும் இது ஒழித்துவிடாது. ஆனால், பல பிரச்சினைகளின் சுமையைக் குறைக்கும். வண்டல் உங்கள் வயலுக்கு எருவும் ஆகும்.

பார்த்துவிட்டால்?

உங்கள் குட்டையிலோ, ஊர் ஏரியிலோ, குவாரித் தண்ணீரிலோ குடை போல விரிந்து சுருங்கி நீந்தும் உயிரைக் கண்டால், முதலில் கைபேசியில் வீடியோ எடுங்கள். வெள்ளைக் குவளையில் அள்ளினால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிப் பாட்டிலில் அதே குளத்துத் தண்ணீரோடு மெதுவாக அள்ளி, பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்துப் படம் எடுங்கள்; தெளிவாகத் தெரியும். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் அளவும் புரியும். நாள், நேரம், இடம், கடைசியாக எங்கிருந்து மீனோ செடியோ கொண்டுவந்தீர்கள் என்பதைக் குறித்துவையுங்கள். அதை வெளியே எடுத்து உலரவிட்டால் உருத்தெரியாமல் போய்விடும். ஆகவே பாட்டிலை நிழலில் வைத்து, அன்றைக்கே காட்டுங்கள்.

மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துக்கும், உங்கள் பகுதி வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் தகவல் சொல்லுங்கள். சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மண்டல மையம் இருக்கிறது. இனத்தை உறுதிசெய்ய அங்கே கேட்கலாம். பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறையும் உதவும். உறுதியாகும்வரை, அந்தக் குளத்திலிருந்து செடியையோ, குஞ்சையோ, தண்ணீரையோ வேறு குளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

களத்தில் இருக்கும் வேளாண், மீன்வள அலுவலர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி ஒரு விவசாயி அழைத்தால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று வைத்துவிடாதீர்கள். அப்படி வைத்துவிட்டால் அவர் அடுத்துப் போகும் இடம் மருந்துக் கடை. ஐந்து நிமிடம் பேசுங்கள். படம் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் நேரில் போங்கள். உலகில் இந்த ஜெல்லி எங்கெல்லாம் இருக்கிறது என்ற வரைபடத்தின் பெரும்பகுதி, சாதாரண மக்கள் பார்த்துச் சொன்ன தகவலால் நிரம்பியதுதான். உங்கள் ஊர் விவசாயி சொல்வதும் அந்த வரைபடத்தில் ஒரு புள்ளியாகலாம்.

கோடை வெப்பம் கூடக் கூட, இந்தக் குடைகள் இன்னும் பல இடங்களில் கண்ணில் படலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஒருநாள் உங்கள் குட்டையிலும் தோன்றலாம். தோன்றினால் பயப்பட வேண்டாம். மருந்துப் புட்டியைத் தேட வேண்டாம். படம் எடுத்து, தகவல் சொல்லிவிட்டு, அன்று மாட்டுக்கு வழக்கம்போலத் தண்ணீர் காட்டுங்கள். மறுநாள், உங்கள் குட்டைக்குள் எது எது எந்த வழியில் வருகிறது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள்.

எனக்கு அழைத்த விவசாயியும் அதைத்தான் செய்தார். அவர் பட்டியலில் முதலில் இருந்தது, பக்கத்து ஊரிலிருந்து வரும் வாடகை வலை. இப்போது அந்த வலை அவர் களத்து மேட்டில் கழுவிக் காய்ந்த பிறகுதான் குட்டைக்குள் இறங்குகிறது.